நெடுந்தீவு ஐஸ் பக்ரறியின் திறப்புவிழா

தீவக மேம்பாட்டு இணைப்புச் சபை என்று ஒரு சபை இருந்தது. அது எதை மேம்படுத்தியது, எதை எதோடு இணைத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கருத்தரங்கு வைத்து, கையில் ஒரு பைலும் சோற்றுப் பார்சலும் தந்து அனுப்பியிருப்பார்கள். திறப்பதில் மட்டும் அந்தச் சபையை அடிக்க ஆளில்லை. ஒரு கிணறு வெட்டினால் அடிக்கல் நாட்டுவிழா, தண்ணீர் கண்ட விழா, கப்பி பூட்டும் விழா எல்லாம் முடிந்த பிறகு கிணறு திறப்புவிழா. கிணறு என்பது திறந்தபடிதான் கிடக்கும் என்று யாரோ சொன்னதால், அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டு, பலகையை எடுத்துத் திறந்தார்கள். அந்தப் பலகைக்கு வர்ணம் அடித்தது றஞ்சனி.

றஞ்சனிக்கு ஊர்காவற்றுறையில் ஒரு கடை. 'நிகழ்வு ஒழுங்கமைப்பும் நிறுவன அன்பளிப்புகளும்' என்று போர்ட். கலியாணவீடும் கிறிஸ்தவப் பிள்ளைகளின் முதல்நன்மை விருந்தும் செய்து பிழைக்கலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினாள். ஆனால் தீவுப் பிள்ளைகள் கனடாவிலும் பாரிஸிலும் போய்க் கலியாணம் கட்டினார்கள். மிச்சப்பேர் யாழ்ப்பாணத்தில் ஏசி மண்டபம் பிடித்தார்கள். அவளுக்கு மிஞ்சியது சபை. கதிரை, பந்தல், ரிப்பன், குத்துவிளக்கு, பொன்னாடை, பெயர் பொறித்த கேடயம், படம் போட்ட கோப்பை எல்லாவற்றையும் புருசன் அம்புறோஸின் பட்டா லொறியில் ஏற்றி, குறிகட்டுவான் துறையில் இறக்கி, படகில் ஏற்றி, மறுகரையில் திரும்ப இறக்கி, கடைசியில் விருந்தினரின் பட்டத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனதற்காகப் பேச்சும் வாங்கிக்கொண்டு வருவாள். சபையின் பதிவுசெய்யப்பட்ட வழங்குநர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் கடையும் இல்லை, லொறியும் இல்லை.

அவள் பிறந்தது நெடுந்தீவில். தம்பி றெக்ஷன் இன்னும் அங்கேதான் தொழில் செய்தான், மீனும் நண்டும். கடல் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஐஸ்தான் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஐஸ் நெடுந்தீவுக்கு வந்து சேரும்போது பாதி தண்ணீராக இருக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் படகே வராது. பிடித்ததை வந்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்கவேண்டும், அல்லது கருவாடு போடவேண்டும், அல்லது நாறவிட்டுத் திரும்பக் கடலில் கொட்டவேண்டும். வேலை செய்து அலுத்தவன் அல்ல அவன், கொட்டி அலுத்தவன். "இந்தச் சோளகத்துக்குள்ள ஐஸ் வராட்டி வள்ளத்தை வித்துப்போட்டு நீர்கொழும்பிலை கூலிக்குப் போறன் அக்கா" என்று அவன் சொன்னபோது, அவள் அதை வெறும் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவன் போனால் நெடுந்தீவில் அவளுக்கென்று ஒரு வீடும் கிடையாது, ஒரு ஆளும் கிடையாது.

அதனால்தான் சபை நெடுந்தீவில் ஐஸ் பக்ரறி கட்டியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அந்தச் சபையை மனதார வாழ்த்தினாள். கட்டடம் எழும்பியது. மெசின் வந்து இறங்கியது. மெசின் ஓட்ட றெக்ஷனின் கூட்டாளி கிளின்ரனுக்குப் பயிற்சி கொடுத்து, அந்தச் சான்றிதழுக்கும் ஒரு விழா வைத்தார்கள். திறப்புவிழா ஒன்றுதான் பாக்கி. "விழா முடிஞ்ச அடுத்த நாள் உனக்கு ஐஸ். நான்தானே செய்யிறன்" என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்தாள். சபையை இவ்வளவு காலம் பார்த்த ஒருத்தி அப்படி வாக்குக் கொடுத்திருக்கக்கூடாது.

விழாவுக்குப் பொறுப்பு சர்வேஸ்வரன். அவருடைய பதவியின் பெயர் விழா இணைப்பாளர். வெயிலிலும் கோட்டுப் போடுகிற மனிதர். மெசினை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் நல்லதுதானே என்று றஞ்சனி கேட்டபோது, ஏதோ தூசணம் கேட்டவர்போல அவளைப் பார்த்தார்.

"முதல் ஐஸ் பிரதம விருந்தினரின்ர கையாலை வரவேணும். அதுக்கு முன்னம் ஐஸ் வந்திட்டா அவர் பிறகு என்னத்தைத் திறக்கிறது? திறந்த சாமானைத் திறக்கச் சொல்லி ஒரு பெரிய மனிசனைக் கூப்பிடேலாது. விளங்குதோ?"

விளங்குது சேர் என்றாள். இந்தத் தொழிலில் அதிகம் செலவாவது அந்தச் சொல்தான்.

பிறகு பிரதம விருந்தினர்கள் மாறத் தொடங்கினார்கள். முதலாமவர் வெளிநாடு போனார். அவருடைய படம் போட்ட கோப்பைகள் றஞ்சனியின் குசினிக்குப் போயின. இரண்டாமவருக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய முகத்தில் அம்புறோஸ் தேத்தண்ணி குடித்தான். மூன்றாமவர் கொழும்பில் ஒரு மேலதிகப் பணிப்பாளர் நாயகம். அவர் வருவதாக ஒத்துக்கொண்டார், ஆனால் நல்லநேரம் பார்க்கவேண்டும் என்றார். நல்லநேரம் வந்த நாளில் படகு இல்லை, படகு இருந்த நாளில் நேரம் கூடாது. இப்படியே மாதங்கள் போயின. கட்டடம் ரிப்பன் கட்டியபடி நின்றது. ரிப்பன் வெயிலில் வெளிற, சர்வேஸ்வரன் புது ரிப்பன் கட்டச் சொன்னார். றெக்ஷன் ஒவ்வொரு நாளும் நாறின மீன்பெட்டியை அந்த ரிப்பனுக்கு முன்னால்தான் தூக்கிக்கொண்டு போனான்.

ஒருவழியாக நாள் குறித்தார்கள். சபையின் தவிசாளர் வாமதேவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் றஞ்சனிக்கு நித்திரை போகும். ஐஸ் பக்ரறித் திறப்புவிழாவில் ஐஸாலேயே செய்த குதிரை ஒன்று மேடையில் நிற்கவேண்டும். நெடுந்தீவு என்றால் அங்கே மேய்கிற காட்டுக்குதிரைதானே. விருந்தினருக்குக் குளிர்பானமும் வேண்டும், அதற்கும் ஐஸ் வேண்டும். எல்லா ஐஸும் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும், ஏனென்றால் நெடுந்தீவில் ஐஸ் கிடையாது. அதைச் சொன்னபோது அறையில் இருந்த யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசியாகச் சாவி. விருந்தினர் கதவைத் திறந்த பிறகு, சாவியைச் சிவப்பு வெல்வெற் பெட்டியில் வைத்து மேடையில் அவருக்கே கையளிக்கவேண்டும் என்றார் சர்வேஸ்வரன். பித்தளையில் ஒரு அலங்காரச் சாவி செய்விக்கலாம் என்று றஞ்சனி சொன்னாள். பொய்ச் சாவியைக் கொடுப்பது அவமரியாதை என்று அவர் மறுத்தார். பெட்டியில் கதவுச் சாவியும் மெசின் சுவிச் இருக்கிற பெட்டகத்தின் சாவியும் ஒரே வளையத்தில் கிடந்தன. விழா முடிந்ததும் திருப்பித் தருவார்கள் என்று நினைத்தாள். மேடையில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மனிதர் ஒருவரையாவது அவள் அதுவரை கண்டதில்லை, அப்படியிருந்தும் நினைத்தாள்.

விழாவன்று யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று சபை அறிவித்தது. வீட்டுக்கு ஒருவர் கதிரையில் இருக்கவேண்டும். இல்லாத வீட்டுக்கு அடுத்த உதவித்திட்டம் இல்லை. அந்த வருசத்தின் நல்ல மீன்பாடு அன்றைக்குத்தான் என்று றெக்ஷன் இன்றைக்கும் சொல்வான். படகு வந்தது. குதிரை நாலு காலும் கரைந்து, வயிற்றில் இருந்தபடி வந்து சேர்ந்தது. அதை மேடையில் வைத்ததும் பிரதம விருந்தினர் குனிந்து பார்த்து, ஆடு நன்றாக இருக்கிறது என்றார். தவிசாளர் ஒரு கணமும் யோசிக்காமல், அது சபையின் ஆடு வளர்ப்புத் திட்டத்தின் சின்னம் என்று விளக்கினார்.

குத்துவிளக்கு அந்தக் காற்றில் எப்படி எரியும்? றஞ்சனிக்கு அது தெரியும். பற்றரியில் எரிகிற திரிகளை அவள் விளக்கில் வைத்திருந்தாள். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்து, அணைந்துபோன மெழுகுதிரியை எரிகிற திரியில் பக்தியோடு பிடித்து, படப்பிடிப்பாளரைப் பார்த்துச் சிரித்தார்கள். திரிகளைவிட விருந்தினர் கூடவாக இருந்ததால் சிலர் ஒரே திரியை இரண்டாம் முறையும் ஏற்றினார்கள். பிறகு எல்லோரும் பேசினார்கள். தவிசாளரின் பேச்சை றஞ்சனி மறக்கமாட்டாள். மேடைக்குப் பக்கத்தில் பொன்னாடைகளை மடித்துக்கொண்டு நின்றே அதைக் கேட்டாள்.

"மீனவச் சகோதரர்கள் ஐஸ் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: ஐஸ் எவ்வளவு நேரம் நிற்கும்? உருகிவிடும். ஆனால் இன்று எடுக்கப்படும் நிழற்படங்கள் உருகப்போவதில்லை. இவ்வளவு பெரியவர்கள் கடல் கடந்து வந்து உங்கள் முன்னால் இருக்கிறார்கள். இதைவிட ஒரு சமூகத்துக்கு என்ன மேம்பாடு வேண்டும்?"

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரிப்பன் வெட்டினார்கள். கதவு திறந்தது. எல்லோரும் உள்ளே எட்டி மெசினைப் பார்த்து, பெரிசுதான் என்றார்கள். கடற்கரை மண் உள்ளே போய் நிலம் ஊத்தையாகிவிடும் என்று உடனே கதவைப் பூட்டினார்கள். சாவி பெட்டிக்குள் போனது, பெட்டி விருந்தினரின் கைக்குப் போனது, விருந்தினர் நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு கொழும்புக்குப் போனார்.

அடுத்த நாள் றெக்ஷன் போன் எடுத்தான். கிளின்ரன் கதவடியில் நிற்கிறான், சாவி எங்கே என்றான். றஞ்சனி உடனே சர்வேஸ்வரனைப் பிடித்தாள்.

சர்வேஸ்வரன் கலங்கவில்லை. கொடுத்த அன்பளிப்பைத் திருப்பிக் கேட்கச் சபையின் விதிகளில் இடமில்லை என்றார். இன்னொரு சாவி இருக்குமே என்று கேட்டாள். இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கிறது என்றார். எங்கே என்று கேட்டாள். பக்ரறிக்குள்ளே, அலுவலக அலுமாரியில் என்றார். பூட்டுத் திருத்துகிறவனைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, பிரதம விருந்தினரின் கைபட்ட பூட்டில் வேறு ஒருவன் கை வைக்க ஏலாது என்று முடித்துவிட்டார்.

அவளே கொழும்புக்குப் போன் எடுத்தாள். அந்தப் பெரியவரின் பிரத்தியேகச் செயலாளர் மரியாதையான மனிதர். ஐயாவின் கண்ணாடி அலுமாரியில் நாடு முழுவதிலுமிருந்து வந்த சாவிகள் இருக்கின்றன, பள்ளிக்கூடச் சாவி, பஸ் நிலையச் சாவி, மலசலகூடச் சாவி எல்லாம் இருக்கின்றன, உங்களுடையது எந்தப் பெட்டி என்று கேட்டார். சிவப்பு வெல்வெற் என்றாள். எல்லாமே சிவப்பு வெல்வெற் என்றார் அவர். நாடு முழுவதும் அவளைப்போன்ற சனங்கள் அதே பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். அந்த ஊர்களில் எல்லாம் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைக்க அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது.

சபை சும்மா இருக்கவில்லை. சாவி மீள்கையளிப்பு விழா ஒன்று வைப்பது என்று தீர்மானித்து, அதற்கு ஒரு குழு போட்டது. சாவியைத் திருப்பித் தருபவருக்குப் பொன்னாடை போர்ப்பதா, திருப்பி வாங்குபவருக்குப் போர்ப்பதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிணக்குத் தீரவில்லை. அதற்குள் சோளகம் எழும்பிவிட்டது, வள்ளத்தைப் பார்க்க மண்டைதீவிலிருந்து பரமலிங்கம் என்ற வியாபாரி வருகிறார் என்று றெக்ஷன் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. அடுத்த படகில் நெடுந்தீவுக்குப் போனாள்.

பக்ரறி வாசலில் கிளின்ரன் நின்றான். சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு அந்த வாசலில் நிற்பதுதான் வேலை. றஞ்சனி தம்பியிடம் நங்கூரக் கம்பியைக் கொண்டுவரச் சொன்னாள்.

"பூட்டை உடைச்சா பொலிஸ் வரும் அக்கா" என்றான் கிளின்ரன்.

"வரட்டும். அவையின்ர விழாவுக்கும் கதிரை நான்தான் குடுக்கிறனான்."

றெக்ஷன் கம்பியை நெம்பினான். அந்தப் பூட்டு, இவ்வளவு பெரியவர்கள் சேர்ந்து காப்பாற்றிய பூட்டு, ஒரே நெம்பில் விழுந்தது. அலுமாரியில் இருந்த மற்றச் சாவியால் மெசின் பெட்டகத்தைத் திறந்தார்கள். விளக்கு இல்லை, மாலை இல்லை, யாரும் பேசவில்லை. மெசின் முதலில் இருமியது, பிறகு ஓடியது. அடுத்த நாள் முதல் ஐஸ் கட்டி வந்தபோது அங்கே நின்ற ஆண்கள் அதை மாறிமாறித் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. பரமலிங்கம் வள்ளத்தைப் பார்க்க வந்தவர், பெட்டியில் ஐஸுக்குள் கிடந்த நண்டைக் கண்டு, வள்ளப் பேச்சை விட்டுவிட்டு நண்டைப் பேசினார். றெக்ஷன் நெடுந்தீவிலேயே நின்றான். அந்தக் கிழமை முழுவதும் கரையில் ஒரு மீனும் நாறவில்லை.

கிளின்ரன் ஐஸ் கட்டியைக் கட்டிப்பிடித்தபடி எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். அதைச் சபையும் பார்த்தது. சர்வேஸ்வரன் றஞ்சனியைச் சபைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். பூட்டை உடைத்ததைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய துக்கம் வேறு.

"அந்த ஐஸ் செல்லாது" என்றார். "அதைச் சபை ஐஸ் எண்டு ஏற்கேல்லை. நாங்கள் திறந்து, பிரதம விருந்தினர் சாவி போட்டு, அதிலை இருந்து வந்தால்தான் ஐஸ். இப்ப வாறது என்ன? ஆரோ கம்பியாலை நெம்ப வந்தது. இப்பிடி அவனவன் தன்ரபாட்டிலை மேம்பட வெளிக்கிட்டா சபை எதுக்கு?"

அது நல்ல கேள்வி என்று றஞ்சனிக்குப் பட்டது.

சபையின் முடிவு இதுதான்: பக்ரறியை முதலில் முறைப்படி மூடவேண்டும். முறைப்படி மூடாத ஒன்றை முறைப்படி திறக்க ஏலாது. அதற்கு ஒரு மூடுவிழா. அதே பெரியவர் கொழும்பிலிருந்து வந்து மெசினை நிறுத்தி, கதவுக்கு முத்திரை வைப்பார். வந்த இடத்தில் சாவியும் மீள்கையளிக்கப்படும், பொன்னாடை இருவருக்கும். மறுதிறப்பு எப்போது என்று கேட்டாள். அதற்கு நாள் பார்க்கவேண்டும் என்றார். இந்தச் சோளகத்துக்குள்ளா என்று கேட்டாள். அவர் ரிப்பனுக்கு நிறம் கேட்டார். மூடுவதற்குக் கறுப்பு அபசகுனம், ஊதா பரவாயில்லை என்று தானே முடிவும் செய்தார்.

"எல்லா ஒழுங்கும் நீர்தான். நெடுந்தீவு உமக்குத்தானே பழக்கம். செய்யாட்டி உம்மட பேர் பட்டியலிலை இராது, இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஓம் சேர்" என்றாள். பழக்கத்தில் வந்த ஓம் அது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அந்த ஓமைத் திரும்ப வாங்க வழி தேடினாள். அம்புறோஸிடம் சொன்னாள். லொறியிலை என்னத்தை ஏத்துறது என்று மட்டும் அவன் கேட்டான். ஒன்றும் ஏற்றவேண்டாம் என்றாள்.

மூடுவிழாவுக்கு முதல்நாளே கதிரையும் இல்லாமல் ரிப்பனும் இல்லாமல் அவள் நெடுந்தீவுக்குப் போனாள். வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று சபை திரும்பவும் அறிவித்திருந்தபடியால், மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒருவர் துறையடிக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. கரைக்கு வந்த மீனும் ஐஸ் வைக்கிற றெஜிபோம் பெட்டிகளும் அங்கேதான் இருந்தன, பரமலிங்கத்தின் படகும் ஏற்ற வந்து நின்றது. ஆட்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். றெக்ஷனின் பெட்டியின் மறுபக்கத்தை றஞ்சனி பிடித்துக்கொண்டாள்.

சபையின் படகு வந்தது. நயினாதீவுக்கு யாத்திரிகர்களை ஏற்றுகிற படகு, வாடகைக்குப் பிடித்தது. வெள்ளைத் துணி போட்ட கதிரையில் பெரியவர் இருந்தார், மடியில் சிவப்பு வெல்வெற் பெட்டி. தவிசாளர் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பேச்சுத்தாளையும் பிடித்திருந்தார். பாண்ட் வாத்தியக்காரர் கடலாட்டம் தாங்காமல் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோளகத்தில் படகு துறைக்குக் கிட்ட நிற்கமாட்டேன் என்றது. அப்படியான நேரத்தில் படகில் இருப்பவன் கயிறை எறிவான், கரையில் நிற்பவன் பிடித்துக் கட்டுவான். யாருடைய படகு, அதில் யார் வருகிறார்கள் என்று தீவில் ஒருவரும் கேட்பதில்லை. சண்டைக்காரன் வந்தாலும் முதலில் கயிறைப் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் சண்டை.

கயிறு வந்து துறையில் விழுந்தது. நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது வழுக்கித் தண்ணீருக்குள் போனது. இரண்டாம் முறையும் எறிந்தான், இரண்டாம் முறையும் போனது. படகோட்டி ஏதோ கத்தினான். கரையில் யாரும் அவனோடு சண்டைபிடிக்கவில்லை, அசையவும் இல்லை.

சர்வேஸ்வரன் கோட்டோடு எழும்பி, கூட்டத்தில் தேடி, தனக்குத் தெரிந்த ஒரே முகத்தைக் கண்டுபிடித்தார்.

"றஞ்சனி" என்று கூப்பிட்டார். "கயிறைப் பிடியும்."

கயிறு மூன்றாவது தரம் வந்து அவளுடைய காலடியில் விழுந்தது. குனிந்தால் எட்டும். பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற றெக்ஷன் அவள் முகத்தைப் பார்த்தான். கயிறு மெல்ல மெல்லப் பின்னால் இழுபட்டு, துறையின் விளிம்பைத் தாண்டிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலாது சேர்" என்றாள், படகுக்குக் கேட்கத்தக்கதாக. "ரெண்டு கையிலும் ஐஸ்."

பெட்டி பாரமாகத்தான் இருந்தது. படகு குறிகட்டுவான் பக்கம் திரும்பும்வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.